மகன் பிழைத்து வீடு வந்துவிட்டான், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி இருந்ததா?

தறிவீட்டம்மா

எல்லோருக்கும் வணக்கமுங்க. இங்கே படிக்கிறதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சென்னிமலைப் பக்கம். ஆறு பவர்லூம் வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறோம். மகனுக்கு 23 வயது, கோயம்புத்தூரில் வேலை, சரவணம்பட்டியில் ரூம். போன வருஷம் அவன் சம்பளத்திலேயே பழைய ஸ்விஃப்ட் ஒன்று வாங்கினான். பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி. பூவோடு (தீச்சட்டி) எடுக்கிற அன்றைக்கு ராத்திரி வேலையை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தவன், செங்கப்பள்ளி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், லைட் போடாமல் ஓரமாக நின்றிருந்த லாரிக்குப் பின்னால் விட்டுவிட்டான். 108-ல் திருப்பூர் கொண்டுபோய், அங்கே ஸ்கேன் எடுத்து, விடிவதற்குள் கோயம்புத்தூருக்கு மாற்றினோம். நினைவு அளவு 15-க்கு 6 என்றார்கள். 15 என்றால் நம்மை மாதிரி, 3 என்றால் ஒன்றுமே இல்லை என்று ஒரு சின்ன டாக்டர் பொண்ணு பேப்பரில் எழுதிக் காட்டிச்சு. அந்தப் பேப்பர் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

மூளை வீங்கியதால் இடது பக்க மண்டை ஓட்டில் ஒரு துண்டை எடுத்து, கெட்டுப்போகாமல் இருக்க அவன் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். தொண்டையில் ஓட்டை போட்டு டியூப். வலது தொடையில் கம்பி. ஐசியூவில் 19 நாள். முதல் இரண்டு நாள் செலவு அரசாங்கத்தின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் போனது, மீதிக்குத் தோட்டத்தில் அரை ஏக்கரை அடமானம் வைத்தோம். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, காடு இன்றைக்குப் போகும், நாளைக்கு வரும்.

இப்போது நாலு மாதம் ஆகிறது. டியூப் எல்லாம் எடுத்தாச்சு. வாக்கர் பிடித்து நடக்கிறான், பேசுகிறான், என்னைத் தெரிகிறது. ஆனால் அவன் பழைய ஆளாக இல்லை. அதட்டிக்கூடப் பேசாத பையன், இன்றைக்கு சாதத்தில் ரசம் கொஞ்சம் கூடப் போனதற்குத் தட்டைத் தள்ளிவிட்டு, நான் இங்கே எழுத முடியாத வார்த்தை சொன்னான். கால் மணி நேரம் கழித்து ‘அம்மா, சாப்பிட்டியா?’ என்கிறான். ‘வண்டி எங்கே?’ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறான். அன்றைக்கு நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை.

தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அந்தப் பள்ளத்தைச் சுற்றி விரலை மெதுவாக ஓட்டுவேன். கையை லேசாக வைத்தால் உள்ளே துடிக்கிறது. பிறந்த குழந்தைக்கு உச்சிக்குழி துடிக்குமே, அதே மாதிரி. இருபத்து மூணு வருஷம் கழித்து மறுபடி அதைத் தொடுவேன் என்று யார் நினைத்தா.

ஒறம்பறை, அதாவது சொந்தக்காரர்கள், வராத நாள் இல்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கட்டிலுக்கு அடியில் கடை வைக்கிற அளவுக்கு இருக்கிறது. வந்தவர்கள் எல்லாம் ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு, சந்தோஷப்படு’ என்கிறார்கள். தலையில் ஒரு துண்டு இல்லாமல் படுத்திருக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படித்தான் இதைச் சொல்ல வாய் வருகிறதோ. ஒரு அத்தை, சிவன்மலை முருகன் கோயில் உத்தரவுப் பெட்டியில் (பக்தர் கனவில் சாமி சொல்கிற பொருளை வைப்பார்கள்) இப்போது என்ன வைத்திருக்கிறார்களோ அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுப் பேசிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பாதி ராத்திரி தறிக்கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறார். வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை, ஸ்டேஷனில் நிற்கிற அந்த நசுங்கின காரைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

எனக்கு ராத்திரி பத்தரை மணி ஆனால் நெஞ்சு படபடக்கிறது. போன் அடித்தால் கை நடுங்குகிறது. காலேஜ் போகும் சின்னவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டால் அவள் போய் இறங்கி மெசேஜ் போடும் வரை ஒரு வேலையும் ஓடாது. பையன் பிழைத்துவிட்டானே, இனி எதற்கு இப்படி? இது தானாகப் போகுமா? எத்தனை நாள் ஆகும்? இதே வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பவானிக்கரை

தங்கச்சி, நாலு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்தான். என் மகளுக்கு அப்போது 21. சித்தோடு பைபாஸில், தோழிகளோடு காரில் பின் சீட்டில் போனாள். தலையில் அடி, இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்தது.

முதலில் கோபத்தைப் பற்றி. அது உங்கள் பையன் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூளையின் முன்பக்கம் அடிபட்டால் வாயில் வந்ததை நிறுத்தி வைக்கிற பிரேக் கொஞ்ச நாளைக்குப் பிடிக்காது. என் மகள் அவள் அமுச்சியை ‘எழுந்து போ கிழவி’ என்று சொல்லி, அந்தம்மா அழுதுகொண்டே கோபிக்கு பஸ் ஏறிப் போய்விட்டார். நாங்கள் செய்தது: ஒறம்பறைக்கு நேரம் வைத்தோம். சாயங்காலம் அஞ்சிலிருந்து அஞ்சரை, ஒரு தடவைக்கு இரண்டு பேர், அவ்வளவுதான். பங்காளிகளில் ரெண்டு வீட்டார் கோபித்துக்கொண்டார்கள், கோபித்துக்கொள்ளட்டும். கூட்டம், டிவி, ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவது, இதெல்லாம் அடிபட்ட தலைக்குத் தாங்காது. கட்டிலுக்கு எதிரே ஒரு சிலேட்டு மாட்டி, இன்றைக்கு என்ன கிழமை, என்ன தேதி, எத்தனை மணிக்கு பிசியோ வருவார் என்று தினமும் காலையில் எழுதினோம். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது அதில் பாதியாகக் குறைந்தது. ‘வண்டி எங்கே’ என்பதற்கும் ஒரே பதிலை ஒரே மாதிரி, பொய் கலக்காமல் சொல்லுங்கள். ஆளுக்கொரு கதை சொன்னால் அவனுக்கு இன்னும் குழம்பும்.

முன்னேற்றம் முதல் ஆறு மாதம் வேகமாகத் தெரியும், அப்புறம் மெதுவாகும், ஆனால் நிற்காது. மகளுக்கு மூன்றாவது வருஷத்தில்கூடப் புதிதாக ஒன்று திரும்ப வந்தது, மனக்கணக்கு. நாங்கள் வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வுப் பிரிவுக்குப் போனோம். அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்கிப் பழக வேண்டும். எனக்குத்தான் அங்கே பாடம் நடந்தது என்று சொல்ல வேண்டும், எப்போது உதவணும், எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கணும் என்று.

உங்கள் படபடப்பைப் பற்றி என்ன சொல்ல. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது என் போனில் என்ன ரிங்டோன் இருந்ததோ, அதை அடுத்த வாரமே மாற்றினேன். ஆனால் அந்தியூர் சந்தையில் யாரோ ஒருத்தர் போனில் அதே டோன் அடித்து, மாட்டுக் கயிற்றை விட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இது நடந்தது விபத்து முடிந்து இரண்டரை வருஷம் கழித்து. இப்போது பரவாயில்லை. போகவில்லை, பரவாயில்லை.

உள்ளதைச் சொல்வேன்

சீட் பெல்ட் போட்டிருந்தாரா? நின்ற லாரியில் போய் இடித்திருக்கிறார் என்றால் தூங்கியிருப்பார், இல்லை போன் பார்த்திருப்பார். இந்தக் காலத்துப் பசங்க ராத்திரியில் ஓட்டுகிற லட்சணத்தைத் தினமும் பார்க்கிறோமே.

பவானிக்கரை

நாலு மாதமாகத் தூங்காத ஒரு தாய்கிட்டே கேட்கிற கேள்வியா இது? பேர் வைத்ததற்கு ஏற்ற மாதிரி நடந்துகொள்ளணும்னு கட்டாயம் இல்லீங்க.

வார்டு சிஸ்டர்

அக்கா, நான் ஈரோட்டில் நரம்பியல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். எலும்பை இன்னும் திரும்ப வைக்கவில்லை என்று தெரிவதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுந்து நிற்கும் நேரமெல்லாம் ஹெல்மெட் கட்டாயம், பாத்ரூமுக்கு நாலு எட்டு வைத்தாலும்தான். அந்தப் பக்கமாகப் படுக்கவிடாதீர்கள். பள்ளமாக இருக்கிற இடம் உப்பினாலோ இறுகினாலோ, காய்ச்சல், வாந்தி, ஃபிட்ஸ், வழக்கத்துக்கு மேல் தூக்கம் என்றாலோ யோசிக்காமல் கிளம்புங்கள். எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் சரியாகிறது, ஒரு கை பலம் குறைகிற மாதிரி இருக்கிறது என்றால் பள்ளம் அதிகமாக உள்ளே இழுக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், எலும்பு வைக்கும் தேதியை முன்னால் கொண்டுவருவார்கள். ஃபிட்ஸ் மாத்திரையை ‘இப்போதான் நல்லா இருக்கானே’ என்று நிறுத்துகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். காரைப் பற்றிக் கேட்கிறான் என்றீர்கள், டாக்டர் எழுத்தில் சரி என்று கொடுக்கும் வரை ஸ்டீயரிங் பக்கமே போகக்கூடாது, டூவீலரும்தான்.

இனி உங்களுக்கு. குறிப்பிட்ட மணி ஆனால் படபடப்பு, போன் சத்தத்துக்கு நடுக்கம், அந்த ராத்திரி திரும்பத் திரும்ப ஓடுவது, இது ஒரு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் அதற்குப் பெயர் இருக்கிறது, வைத்தியமும் இருக்கிறது. பிடிஎஸ்டி என்பார்கள். அடிபட்டவனுக்குத்தான் வரும் என்றில்லை, ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் வரும். சொல்லப்போனால் உங்கள் பையனுக்கு அந்த ராத்திரி ஞாபகமே இல்லை, அதை முழுசாக வைத்திருப்பது நீங்கள்தான். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல ஓபி இருக்கும், சீட்டு போட்டுப் பாருங்கள். அங்கே போனால் ஊர் பேசும் என்று கூச்சமாக இருந்தால் முதலில் 14416-க்கு போன் செய்யுங்கள், டெலி மனஸ், காசு இல்லை, தமிழில் பேசலாம், ராத்திரி பத்தரைக்கும் எடுப்பார்கள். வீட்டில் இருக்கும் அவனுடைய தூக்க மாத்திரையில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள் அக்கா. கேட்காமலே ஏன் சொல்கிறேன் என்றால், நிறையப் பேர் செய்வது.

சங்ககிரி லாரி

அம்மிணி, நான் லாரிக்காரன். முப்பது வருஷம் ஓட்டி, இப்போது ரெண்டு வண்டி வைத்திருக்கிறேன். உங்கள் பையன் இடித்தது எங்கள் ஆள் ஒருத்தன் நிறுத்தின வண்டியில்தான், அதனால் சாக்குச் சொல்லி ஆரம்பிக்கப் போவதில்லை. பேட்டரி இறங்கிவிடும் என்று பார்க்கிங் லைட்டை அணைத்துவிட்டுத் தூங்குகிற டிரைவர்கள் உண்டு. பின்னால் ஒளிரும் பட்டை மண் மூடிக் கிடக்கும், துடைக்க மாட்டான். ராத்திரியில் எண்பதில் வருகிறவனுக்கு நிற்கிற லாரி, நிற்கிறது என்று தெரிவதற்குள் காலம் முடிந்துவிடும். ஓடுகிற வண்டி என்றுதான் கண் முதலில் நினைக்கும். இது ‘உள்ளதைச் சொல்வேன்’ அவர்களுக்கும் சேர்த்து.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் நாள் குறைவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2022 ஏப்ரலிலிருந்து நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போடணும் என்று வைத்துவிட்டார்கள். உங்களுக்கு நாலு மாதம் போயாச்சு. எஃப்ஐஆர் யார் மேல் போட்டிருக்கிறார்கள்? பெரும்பாலும் பின்னால் வந்து இடித்தவன் மேலேதான் போடுவார்கள், அதைப் பார்த்துவிட்டு ‘நம்ம பையன் மேலேயே கேஸ்’ என்று பயந்து சும்மா இருந்துவிடாதீர்கள். எஃப்ஐஆரில் எழுதினதுதான் முடிவு என்றில்லை, யார் மேல் எவ்வளவு தப்பு என்று தீர்ப்பாயம் தனியாகப் பார்க்கும். ஆபத்தான இடத்தில், மற்ற வண்டிக்கு இடைஞ்சலாக நிறுத்துவதே 122-வது பிரிவில் குற்றம். பங்கு பிரித்து, இத்தனை சதவீதம் லாரி மேல் என்று வந்தாலும் அந்த லாரியின் இன்சூரன்ஸ் கொடுத்தாக வேண்டும்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), ஸ்டேஷனில் எஃப்ஐஆர், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா பில்லும் ஒரிஜினல், பையனுடைய சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், இவ்வளவும் ஒரு ஃபைலில் போடுங்கள். மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போடணும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, ஈரோட்டிலேயே போடலாம். ‘வருவதில் இத்தனை சதவீதம் எனக்கு’ என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து பேசுகிறவனை வீட்டுக்குள் விடாதீர்கள். அப்புறம், கார் அவன் பேரிலேயே இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது என்றால் பாலிசியில் ஓனர் டிரைவர் பி.ஏ. கவர் (வண்டி ஓட்டுகிற ஓனருக்கான விபத்துக் காப்பீடு) கட்டியிருக்கிறதா பாருங்கள், 15 லட்சம். அது ஆஸ்பத்திரி பில்லுக்கு வராது, நிரந்தர ஊனம் என்று ஆனால் மட்டும்தான், அதுவும் எந்த அளவுக்கு என்று கணக்கு இருக்கிறது. வராமல் போனால் சந்தோஷம்.

தறிவீட்டம்மா

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றிங்க. சிலேட்டு மாட்டியாச்சு. ‘செவ்வாய், ஆடி மாதம், பிசியோ 10 மணி’ என்று எழுதினேன், அதற்குக் கீழே அவனே நடுங்கின கையில் ‘ரசம் வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறான்.

சிஸ்டர் சத்தம் பற்றி எழுதவில்லை, ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் அமைதியாக இருக்கணும் என்றார். அதனால் பத்து நாள் ஆறு தறியையும் நிறுத்தினோம். பையன் ராத்திரி எல்லாம் புரண்டான். ஆர்டர் கெடு முடிகிறதே என்று ஒரு நாள் இவர் ஒரே ஒரு தறியை ஓட்டினார், அரைமணியில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டான். தொட்டிலைத் தறிக்கொட்டகையில் கட்டி வளர்த்த பிள்ளை, அவனுக்கு அமைதி என்றால் அதுதான் போல.

சீட் பெல்ட் போட்டிருந்தான். ஏர்பேக்கும் திறந்திருந்தது. ஆனால் ‘உள்ளதைச் சொல்வேன்’ கேட்ட இன்னொரு கேள்வி, போன் பார்த்திருப்பானா என்று, அதற்குப் பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. அதை எழுதத்தான் முதல் நாளே வந்தேன், எழுதாமல் சுத்தி வளைத்துவிட்டேன்.

அவன் போனில் கடைசியாக வந்தது என் கால். ராத்திரி 10:41. 52 செகண்ட் பேசியிருக்கிறேன், என் போனில் இருக்கிறது. ‘எங்கேடா வர்றே?’ என்றேன், ‘கருமத்தம்பட்டி தாண்டிட்டேன்மா’ என்றான். ‘பூவோடு கிளம்பப் போகுது, சீக்கிரம் வா சாமி’ என்றேன். வண்டி ஓட்டும்போது போன் எடுக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். இதை யாருக்கும் சொல்லவில்லை, வீட்டுக்காரருக்கும். பத்தரை மணிக்கு ஏன் படபடக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும். சிஸ்டர் சொன்ன ஓபிக்குப் போனால் இதைச் சொல்லணுமே என்றுதான் போகாமல் இருக்கிறேன்.

சங்ககிரி லாரி

அம்மிணி, 108-க்கு எத்தனை மணிக்குப் போன் போயிருக்கிறது? ஏ.ஆர். காப்பியில் இல்லை எஃப்ஐஆரில் இருக்கும்.

தறிவீட்டம்மா

எஃப்ஐஆரில் 11:05 வாக்கில் என்று போட்டிருக்கிறது. பின்னால் வந்த காய்கறி வண்டிக்காரர் உடனே நிறுத்திப் போன் செய்திருக்கிறார்.

சங்ககிரி லாரி

சரி, இந்த ரோட்டில் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கிலோமீட்டர் தெரியும். கருமத்தம்பட்டியிலிருந்து அவிநாசி, பெருமாநல்லூர் தாண்டி நீங்கள் சொல்கிற இடம் 25 கிலோமீட்டருக்குக் குறையாது. எண்பதில் வந்தாலும் இருபது நிமிஷம் ஓடணும். 10:42-க்கு நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். உங்களோடு பேசிக்கொண்டே போய் இடித்திருந்தால் காரை கருமத்தம்பட்டியில்தான் எடுத்திருப்பார்கள், செங்கப்பள்ளியில் இல்லை. இது ஆறுதல் இல்லை, ட்ரிப் ஷீட் கணக்கு. அந்த ரெண்டு நேரத்தையும் வக்கீலிடமும் சொல்லுங்கள், எதிர்தரப்பு போன் பேசினான் என்று கிளப்பினால் அதுவே பதில்.

தறிவீட்டம்மா

நாலு மாதத்தில் இந்தக் கணக்கை ஒரு தடவைகூட நான் போட்டுப் பார்க்கவில்லை அண்ணா. நாலு தடவை படித்தேன். ஆனால் ‘சீக்கிரம் வா’ என்று சொன்னேனே, அதற்கு என்ன கணக்கு?

பொள்ளாச்சிப் பையன்

அம்மா, நான் மறுபக்கத்து ஆள். 24 வயதில் உடுமலை ரோட்டில் புளியமரத்தில் விட்டேன். எனக்கும் மண்டையில் ஆபரேஷன். இப்போது 29, வேலைக்குப் போகிறேன், வலது காதில் மட்டும் இரைச்சல்.

அன்றைக்கு என் அம்மா போனில் ‘மெதுவா வா கண்ணு’ என்றுதான் சொன்னாங்க. நான் மெதுவா வரலை. சீக்கிரம் வா என்றால் சீக்கிரம் வருகிற பசங்களும் இல்லை நாங்கள், மெதுவா வா என்றால் மெதுவா வருகிற பசங்களும் இல்லை. அது அம்மாக்கள் போனை வைக்கும்போது சொல்கிற வார்த்தை, ‘சாப்பிட்டியா’ மாதிரி. காதில் விழும், அவ்வளவுதான்.

இன்னொன்று. எனக்கும் அந்த ராத்திரி ஞாபகம் இல்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். ரெண்டு வருஷம் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா, யாரையோ இடித்துக் கொன்றுவிட்டேன், எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று. கடைசியில் பார்த்தால் அவர்கள் மறைத்தது தோட்டத்துக் கடனை. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. உங்கள் பையன் பத்துத் தடவை ‘வண்டி எங்கே’ என்று கேட்பது வண்டியை இல்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. யாருக்காவது ஏதாவது ஆச்சா என்று கேட்கத் தெரியாமல் கேட்கிறானோ என்னவோ. லாரியில் யாருக்கும் அடி இல்லை, உன்னோடு யாரும் வரவில்லை, நீ மட்டும்தான் என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். போன் விஷயத்தை இப்போது சொல்ல வேண்டாம், தலை ஆறட்டும். ஆனால் ஒரு நாள் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ‘ஆச்சா, ஆச்சா’ என்று கேட்காதீர்கள். என் அம்மா ஒன்றரை வருஷம் கேட்டாங்க.

வார்டு சிஸ்டர்

தம்பி சொன்னதில் பாத்ரூம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம், எலும்பு வைக்கும் வரை கதவுக்கு வெளியே நிற்கத்தான் வேண்டும். கேள்வி கேட்காமல் நிற்கலாம். அக்கா, ஓபியில் உட்கார்ந்திருக்கிற டாக்டர் இதைவிடப் பெரிய கதைகளைக் கேட்டவர், பயப்படாமல் போங்கள்.

தறிவீட்டம்மா

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

அந்தத் தம்பி சொன்ன மாதிரியே நேற்றுக் காலையில் சொன்னேன். ‘உன்கூட யாரும் வரலை சாமி, லாரியிலும் யாருக்கும் ஒண்ணும் ஆகலை, நீ மட்டும்தான்.’ கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். ‘நிஜமாவா?’ என்றான். அதற்கப்புறம் நேற்று முழுக்க வண்டியைப் பற்றி ரெண்டே தடவைதான் கேட்டான். இன்றைக்கு மறுபடி ஆறு. பரவாயில்லை.

ராத்திரி தறிக்கொட்டகைக்குப் போய் இவரிடம் கால் விஷயத்தைச் சொன்னேன். தறியை நிறுத்தாமலே கேட்டார். நான் சொல்லி முடித்ததும் நூல் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். பையன் போன். கண்ணாடி நொறுங்கியிருக்கிறது. ஸ்டேஷனில் அன்றைக்கே கொடுத்திருக்கிறார்கள், ‘கிடைக்கலை’ என்று எங்களிடம் சொல்லிவிட்டு இத்தனை நாளும் அங்கே ஒளித்து வைத்திருந்தார். கடைசிக் கால் என் பேரில் இருந்ததை முதலில் பார்த்தவரே அவர்தானாம். ‘நீ பார்த்தா தாங்க மாட்டே’ன்னு வெச்சிருந்தேன் என்றார். என் போனிலும் அது இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமை காரைப் போய் ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். ‘பின்னாடி டிக்கியில் நோம்பிக்கு உனக்கு எடுத்த சேலை இருக்கு, கேஸ் முடியற வரைக்கும் எதையும் எடுக்கக்கூடாதுங்கறாங்க, மழை பேஞ்சா நனையுமேன்னு தார்ப்பாயைச் சரிபண்ணிட்டு வர்றேன்’ என்றார்.

அந்தச் சேலை என்ன கலர் என்று கேட்டேன். தெரியாது, கவர் பிரிக்கலை என்றார்.

வியாழக்கிழமை எனக்கு ஓபி சீட்டு போட்டிருக்கிறோம், வெள்ளிக்கிழமை வக்கீல். ஏ.ஆர். காப்பி வாங்கியாச்சு.

சங்ககிரி லாரி

எஃப்ஐஆரில் லாரி நம்பர் சரியாக இருக்கிறதா, ஒரு எழுத்து மாறியிருந்தாலும் வக்கீலிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். சேலைக்கும் ஒரு மனு போட்டு ஸ்டேஷனில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் அம்மிணி, அதற்கெல்லாம் கேஸ் முடிய வேண்டியதில்லை.